சுரண்டிப் பார்த்த தோட்டாக்கள்

அக்காவின் கணவர் சும்மா கொடுத்தார் என்பதுதான் எனக்கு முதலில் இடித்தது. ஒரு பெட்டி நிறைய ரைபிள் தோட்டா. எழுபதுகளில் அது குதிரைக்கொம்பு.

கோபாலபுரம் செக்போஸ்டுக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கடலைக்காடு இருந்தது. பன்றி விரட்ட, லைசென்ஸோடு அப்பா விட்டுப்போன ரைபிளும் இருந்தது. அதை மச்சான் ஒருமுறை கேட்டு, நான் தர மறுத்திருந்தேன். அவர் பிறகு அதே மாதிரி வேறொன்று வாங்கிக்கொண்டார். ஞாயிறு காலைகளில் இருவரும் பழைய கல்குழியில் குறி பழகுவோம்.

பெட்டியைத் திறந்தேன். தோட்டாவின் கூடு பித்தளையாக இல்லை.

"ஏனுங்க மச்சான், இது இரும்பாட்டம் இருக்குதுங்க?"

"இரும்புதான் மாப்ளே. பழகறதுக்கு இது போதும். பித்தளைய பன்னிக்கு வெச்சுக்க."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. தனக்குக் கிடைக்காத ரைபிள் எனக்கும் உதவக்கூடாது என்று நினைக்கிறாரோ? மேலே பூசியிருந்த பளபளப்புக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கப் பேனாக்கத்தியால் சுரண்டினேன். ஒன்றைச் சுரண்டியதோடு மனம் அடங்கவில்லை. எல்லாவற்றையும் சுரண்டினேன்.

அடுத்த வாரம் ஆயுத பூஜை. கலப்பை, மோட்டார், ரைபிள் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். தோட்டாக்களை மட்டும் விடுவானேன் என்று அவற்றின் மேலும் மஞ்சள் தண்ணீர் தெளித்துப் பெட்டியை மூடி வைத்தேன். பிறகு ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது.

மழை விட்டதும் கல்குழிக்குப் போனோம். மூன்றாவது தோட்டாவில் குண்டு பாய்ந்தது, வெற்றுக் கூடு வெளியே வரவில்லை. தோட்டா அறையை மூடும் போல்ட்டை உதைத்துத் திறந்தபோது கூட்டை இழுக்கும் கொக்கி ஒடிந்து விழுந்தது. எனக்குத் தலைக்கேறியது.

"இதுக்குத்தான் கொண்டாந்து குடுத்தீங்களா?" வேடிக்கை பார்க்க வந்த நாலு பேர் முன்னால் கேட்டேன். மச்சான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அந்தப் பொங்கலுக்கு அக்கா வரவில்லை.

கோயம்புத்தூரில் துப்பாக்கி பழுது பார்ப்பவர் கூட்டை எடுத்து என் கையில் வைத்தார். செம்மண் போலத் துரு.

"யாருங்க இத சொரண்டுனது? மேல்பூச்சு போனா இரும்பு துருப்பிடிக்காம என்னங்க பண்ணும்?"

நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். மச்சான் அதே சரக்கில் பாதியைத் தனக்கு வைத்துக்கொண்டு சுட்டுப் பழகியிருந்தார். கூடுகள் ஒரு டப்பாவில் கிடந்தன. ஒன்றில்கூடத் துரு இல்லை. நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"விடு மாப்ளே, சாப்புடு," என்றார்.

அக்கா மறுபடி வரப்போக இருந்தாள். மச்சானும் வந்தார், மாம்பழக் காலத்தில் கூடையோடு. ஆனால் என்னிடம் நீட்டும் முன், அதில் ஒன்றை அறுத்து, என் கண்ணெதிரே தான் தின்றுவிட்டுத்தான் கூடையைத் தருவார். கடைசிவரை அப்படித்தான்.