பாதி மேஜையும் ஒரு பழைய ப்ராசஸரும்

கம்ப்யூட்டர் கடையில் எது மெதுவாக ஓடினாலும் முதல் குற்றவாளி ப்ராசஸர்தான், விசாரணையே கிடையாது. பழைய கம்ப்யூட்டரில் புது கிராபிக்ஸ் கார்டைச் செருகிவிட்டு, கேம் இன்னும் ஏன் திக்குகிறது என்று முழித்துக்கொண்டிருக்கும் என் இனத்தாரே, இது உங்களுக்குத்தான். நான் எம்.எஸ்ஸி. கணிதம் படிக்கிறேன். சாயங்காலம் மதுரை கோரிப்பாளையம் சிக்னலில் நாசர் அண்ணன் கடையில் பில் போடுகிறேன். கம்ப்யூட்டரைத் திறந்து பார்க்கும் சர்வீஸ் மேஜைப் பக்கம் போனாலே, "பாப்பா, ஷாக் அடிக்கும்" என்பார். இருபத்திரண்டு வயசில் பாப்பா! அந்த மேஜையில் ஒருநாள் உட்கார்ந்தே தீருவது என்று சபதம் எடுத்திருந்தேன்.

எந்த பாட்டில்?

ஒத்தக்கடையிலிருந்து ஒரு அம்மா, புது கார்டு போட்டும் கேம் திக்குகிறது என்று மகனுடைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். நாசர் அண்ணன் பார்த்துவிட்டு, "பாட்டில்நெக் ஆகுதும்மா" என்றார். "தண்ணி பாட்டிலை நான் பக்கத்துலயே வைக்க விடுறதில்லையே!" என்று அந்த அம்மா பதறிவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. புரியாத வார்த்தையைச் சொல்லி மனுஷரைப் பயமுறுத்துவது என்ன நியாயம்? "அம்மா, கார்டு ஒரு புது பஸ். ப்ராசஸர் நம்ம கடை வாசல்ல இருக்கிற சிக்னல். பஸ் எம்புட்டு வேகமா வந்தாலும் சிக்னல் விட்டாத்தானே போகும்?" என்றேன். அன்றிலிருந்து எங்கள் கடையில் பாட்டில்நெக்குக்குப் பெயர் சிக்னல். அந்த அம்மா வாசலில் நின்ற வண்டிக் கூட்டத்தை ஒரு தடவை பார்த்தார்.

"அப்ப எங்க வீட்டுக்குள்ளயே ஒரு கோரிப்பாளையம் இருக்குன்னு சொல்லு!"

மூடி கழற்றாத கார்டு

இன்னொரு நாள் இரண்டு நண்பர்கள். புது கார்டு போட்டு இரண்டு வாரமாச்சு, துளி வித்தியாசமில்லை. நாசர் அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே, "சிக்னல்தான். ப்ராசஸர், போர்டு, ராம் மூணையும் மாத்திடலாம்" என்றார்.

பில் கவுண்டரிலிருந்தே எட்டிப் பார்த்தேன். மானிட்டர் வயரைப் புது கார்டில் சொருகாமல், பழைய வழக்கப்படி போர்டிலேயே சொருகியிருந்தார்கள். கார்டின் வாயில் பிளாஸ்டிக் மூடியைக்கூடக் கழற்றவில்லை! வயரை மாற்றிச் சொருகினேன்; கேம் பறந்தது. ஒருவன் மற்றவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான்.

"மாப்ள, ரெண்டு வாரமா கார்டுல சீரியல் லைட்டு மட்டும்தான்டா பாத்திருக்கோம்!"

மேலூர்க்காரர் வழக்கு

"அது குருட்டாம்போக்குல அமைஞ்சது" என்று நாசர் அண்ணன் ஒதுக்கிவிட்டார். மறுவாரம் மேலூரிலிருந்து முருகேசன் அண்ணன் வந்தார். குவாரி ஆபீஸில் வேலை. கம்ப்யூட்டரைக் குழந்தை மாதிரி மடியில் வைத்து பஸ்ஸில் வந்திருந்தார். எட்டு வருஷ ப்ராசஸர், புத்தம் புது கார்டு, ஆனாலும் கேம் திக்கல். "சிக்னல்தான், மாத்தணும்" என்றார் நாசர் அண்ணன். "இந்தக் கார்டை வாங்கவே வீட்ல ஒரு வருஷம் மல்லுக்கட்டினேன். இன்னும் மாத்தணும்னா வீட்டுக்குள்ள விட மாட்டாக" என்றார் முருகேசன் அண்ணன்.

"ப்ராசஸர் மேல தப்பே இல்ல" என்றேன். "நிரூபி. முடியலைன்னா இனிமே மேஜைப் பேச்சே எடுக்கக் கூடாது" என்றார் நாசர் அண்ணன்.

கார்டின் பாரம் குறையட்டும் என்று கேமில் படத்தின் அளவைக் குறைத்துப் பார்த்தேன். கார்டுதான் திணறுகிறது என்றால் இப்போது வேகம் கூட வேண்டும். இம்மிகூடக் கூடவில்லை. கார்டு பாதி சும்மா கிடக்க, ப்ராசஸர் நூறு சதவீதத்தில் மூச்சு வாங்கியது. சிக்னலேதான். நான் தோற்றேன். முருகேசன் அண்ணன் முகம் என் முகத்தைவிட மோசமாக விழுந்தது.

ஆனால் கேமில் அவருடைய கார் ஊரைத் தாண்டியதும் வழுக்கிக்கொண்டு ஓடியது. சந்தைத் தெருவுக்குள் வந்தால் மட்டும் திக்கல். அங்கே நடமாடும் ஒவ்வொரு ஆளையும் நடக்க வைப்பது ப்ராசஸர் வேலையல்லவா? செட்டிங்கில் கூட்டத்தைக் குறைத்தேன். காட்சியழகெல்லாம் கார்டின் பொறுப்பு. அதை முழுசாக ஏற்றினேன். சந்தைக்குள் கார் நிற்காமல் போனது. பழைய ப்ராசஸர் புது கார்டைப் பிடித்து இழுக்கும், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக உடனே மாற்றியே ஆகணுமா என்பது வேற கேள்வி! முருகேசன் அண்ணன் மூன்று ரவுண்டு ஓட்டிவிட்டுத்தான் எழுந்தார்.

"சித்திரைத் திருவிழாக் கூட்டத்தையே கலைச்சுவிட்டுட்டியே தங்கச்சி, இன்னும் ரெண்டு வருசம் தாட்டிருவேன்!"

தீர்ப்பு

அவர் போனபிறகு நாசர் அண்ணன் மேஜையில் கிடந்த ஸ்க்ரூ, வயர் எல்லாவற்றையும் ஒரு ஓரமாக ஒதுக்கி, ஸ்டூலை என் பக்கம் தள்ளினார்.

"பாதி நீ தோத்த, பாதி நான் தோத்தேன். மேஜையில பாதி எடுத்துக்க, பாப்பா."

அந்தப் பாதி இப்போது முக்கால் ஆகியிருக்கிறது. மிச்சக் காலுக்கும் அந்தப் 'பாப்பா'வுக்கும் சேர்த்து என்னிடம் வாதம் தயாராக இருக்கிறது.