சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் மஞ்சள்

மைக்ராஸ்கோப் கேமராவுக்குப் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைதான் தெரியும். அதற்கு வண்ணம் பூசுவது எங்கள் பிழைப்பு. ஒரே இடத்தை வெவ்வேறு விளக்கில் தனித்தனியாகப் படம் எடுத்து அனுப்புவார்கள். ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்குப் பச்சை என்று நிறம் கொடுத்து, ஒரே படமாகச் சேர்க்கும் புரோகிராமை விருத்தாசலத்தில் என் வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். “சும்மா ஒண்ணுமேல ஒண்ணு வைக்கிறதுதானே?” என்று கேட்கப்பட்டு நொந்துபோன அன்பர்கள் மேலே படிக்கலாம்.

கோப்பைக்கு வெளியே விரிசல்

பீங்கான் கோப்பை செய்யும் செல்வம் அண்ணன், கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். ஒளிரும் சாயம் தடவி, சாதா விளக்கில் ஒரு படம், விரிசலில் இறங்கிய சாயம் மட்டும் ஒளிரும்படி ஊதா விளக்கில் ஒரு படம். இரண்டையும் சேர்த்தால், விரிசல் கோப்பைக்கு வெளியே அந்தரத்தில் நின்றது. நம் சரக்கில் இல்லை என்று அண்ணனுக்கு ஒரே சந்தோஷம்.

இரண்டு படத்துக்கும் நடுவே மண் லாரி வந்து மேசையை ஆட்டியிருக்கிறது. படத்தை நகர்த்திப் பொருத்தும்படி எழுதினேன். விரிசல் நேராகக் கைப்பிடி ஒட்டும் இடத்தில் போய் உட்கார்ந்தது. அண்ணன் அன்றைய லோடை நிறுத்தினார், கைப்பிடி ஒட்டும் களிமண் குழம்பை மாற்றச் சொன்னார், பிறகு என்னைப் பார்த்தார்.

“அது பாட்டுக்கு வெளியதான் இருந்துச்சு, நீதாம்மா உள்ள இழுத்து வுட்ட.”

தலையாட்டும் பேராசிரியர்

இறால் நோயை ஆராயும் பேராசிரியர் ஒருவர், எதை அனுப்பினாலும் நன்றாக இருக்கிறது என்பார். ஒருமுறை சிவப்புக்குப் பதில் கத்தரிப்பூ நிறம் கொடுத்துப் பார்த்தேன். உடனே போன் வந்தது.

“இத்தினி நாளா செவப்பும் பச்சையும் எனக்குக் காஞ்ச புல்லு மாதிரி ஒரே கலராத்தான் தெரிஞ்சுது; கேட்டா மானம் போயிடும்னு தலையாட்டிக்கிட்டு இருந்தேன்மா.”

பெண்ணாடத்துக் கரும்பு

கவிதா பெண்ணாடத்து விவசாயி மகள், ஆராய்ச்சி மாணவி. செவ்வழுகல் நோயைத் தாங்கும் என்று நம்பி, அவள் அப்பா கொல்லை முழுக்கப் புதுரகக் கரும்பு நட்டிருந்தார். அது உண்மையா என்பதுதான் அவள் ஆராய்ச்சி. கரும்புக்குப் பச்சை, நோயை உண்டாக்கும் பூஞ்சைக்குச் சிவப்பு. இரண்டும் கலந்த இடம் மஞ்சளாகத் தெரியும். சேர்த்த படம் மூலைக்கு மூலை மஞ்சள், அதாவது கரும்பு முழுக்கப் பூஞ்சை. கேட்டதும் அப்பா சாப்பிடாமல் படுத்துவிட்டாராம். விடிந்ததும் டிராக்டர் விட்டு அழித்துவிடப் போவதாகச் சொன்னாராம். அவள் ஹார்ட் டிஸ்க்கோடு அன்றிரவே பஸ் ஏறி என்னிடம் வந்தாள்.

நிறங்களைத் தனித்தனியாகப் பிரித்தேன். இரண்டும் புள்ளி பிசகாமல் ஒரே படம். அவர்கள் ஆய்வுக்கூடத்தில் யாரோ எழுதிய புரோகிராம், பெயர்க் குழப்பத்தில் கரும்புப் படத்தையே இரண்டு முறை எடுத்து, ஒருமுறை பச்சையும் ஒருமுறை சிவப்பும் பூசியிருக்கிறது. சரியான படத்தை வைத்தேன். வெட்டிய ஓரத்தில் மட்டும் மெல்லிய சிவப்புக் கோடு. உள்ளே எல்லாம் பச்சை, பூஞ்சை நுழையவே இல்லை. அவள் நம்பவில்லை. எல்லாப் படத்தையும் தன் கண்ணெதிரே மறுபடி சேர்க்கச் சொன்னாள். கடைசிப் படமும் பச்சையாக வந்த பிறகே அப்பாவுக்குப் போன் போட்டாள்.

“அப்பா, டிராக்டர வர வேணான்னு சொல்லு, கரும்பு நல்லாத்தான் இருக்குது, பாத்த எங்களுக்குத்தான் மஞ்சக்காமால.”

ஒன்றன்மேல் ஒன்று வைப்பது கம்ப்யூட்டருக்குக் கண் சிமிட்டும் வேலைதான், எதன்மேல் எதை வைத்தோம் என்று கண்டுபிடிப்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.