சவரிமுத்து மாஸ்டர் முடிக்காத மெட்டு

சென்ற வெள்ளிக்கிழமை மாலை, தியாகராய நகரில் ஒரு கல்யாண வரவேற்புக்காகத் தபேலாவைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆர்மோனியக்காரர் ராமையா சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, பெட்டியைத் திறக்காமல் நின்றார். "மாஸ்டர் பூட்டாருப்பா வேலு" என்றார். மஞ்சள் காமாலை கண்டு ஒரு மாதமாகப் படுத்திருந்தார். எழுந்துவிடுவார் என்றே நம்பியிருந்தோம். அன்றும் நாங்கள் வாசித்தோம். வாசித்தாக வேண்டியிருந்தது. அதை அவர் தப்பாக நினைத்திருக்க மாட்டார்.

சாந்தோம் சவரிமுத்து மாஸ்டரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். பகலில் பங்குப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மாலையானால் பிடில் பெட்டியோடு கிளம்பிவிடுவார். மயிலாப்பூர், மாம்பலம், அடையாறு என்று எங்கே வரவேற்பு நடந்தாலும் எங்கள் வாத்தியப் பார்ட்டிதான். எங்கள் மூவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் அவரை 'மாஸ்டர்' என்றே கூப்பிட்டோம். அவருக்கு நான் 'நைனா'.

புதுப் படம் வந்தால் அந்த வாரமே இசைத்தட்டை வாங்கி, முள் தேயத் தேயப் போட்டுக் கேட்டுப் பாடம் பண்ணுவோம். இல்லாவிட்டால் அடுத்த கல்யாணத்துக்கு வேறு பார்ட்டி வந்துவிடும். ஒருமுறை மயிலாப்பூரில் பெண்ணின் பெரியப்பா, "ஏன் ஓய், பிளேட்டக் கேட்டுண்டு காப்பியடிக்கறதுக்கு ஒரு பிடிலா? நீரா ஒண்ணு பண்ணப்படாதோ?" என்று எல்லோர் எதிரிலும் கேட்டுவிட்டார். எனக்கு ரத்தம் கொதித்தது. மாஸ்டர் சிரித்தார். திரும்பி நடக்கும்போது சொன்னார்: "அவர் கேக்கறது நெசந்தான் நைனா. ஆனா தெரிஞ்ச பாட்டு வாசிச்சா ஜனங்க நம்ம மூஞ்சியப் பாக்கறாங்க. தெரியாத பாட்டு வாசிச்சா பந்தி எப்போன்னு பாக்கறாங்க. மேடையில ஒக்காந்தவனுக்குத்தான் அந்த பயம் தெரியும்."

அப்படிச் சொன்னவர்தான் சொந்தமாக ஒரு மெட்டும் போட்டார். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற யுத்த பயத்தில் ஊரைக் காலி செய்து போனவர்கள் திரும்பி வந்து, நின்றுபோயிருந்த கல்யாணங்களெல்லாம் மளமளவென்று நடந்த சமயம் அது. சாந்தோம் கரையில் வலை இழுப்பவர்கள் போடும் சத்தத்தை எடுத்து, ஏழு எண்ணிக்கைத் தாளத்தில் அமைத்திருந்தார். முதல் பாதி இழுப்பு, பிற்பாதியில் வலை கரைக்கு வரும் என்பார். பாடம் பண்ணும் நேரமெல்லாம் சினிமாப் பாட்டுக்கே சரியாகிவிட்டதால் முதல் பாதியைத்தான் எங்களுக்கு வாசித்துக் காட்டினார். "மீதிய மேடையிலயே கேட்டுக்கோ, உன் கை தானா வரும்" என்றார்.

அடையாற்றில் ஒரு வீட்டில் அதைக் கொஞ்சம் வாசித்துப் பார்த்தார். எங்களை ஏற்பாடு செய்த தரகர் மேடையோரம் வந்து, "இன்னா மாஸ்டர் இது, கல்யாண வூடா எழவு வூடா?" என்றார். மாஸ்டர் பாதியில் நிறுத்திவிட்டார். அடுத்த வாரம் மாம்பலத்தில் முழுதாக வாசிக்கப் போவதாகச் சொன்னார். வீட்டில் என் மனைவி நிறைமாதம். தரகர் கைவிட்டால் எங்கே போவது?

சபையிலிருந்து யாராவது பாட்டின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்புவது வழக்கம். சீட்டு வந்தால் மறுக்கக் கூடாது, வாசிப்பதை விட்டுவிட்டு அதை எடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் பார்ட்டிக்கு மாஸ்டரே போட்ட சட்டம். மாம்பலத்தில் மேடை ஏறுமுன், அந்த மாதம் ஊரெல்லாம் பாடிய பாட்டின் முதல் வரியை ஒரு சீட்டில் எழுதினேன். சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்த பெரியவரிடம் தந்து, "தெரியாத பாட்டா ஒண்ணு வரும் சாமி, அப்போ குடுத்துடுங்க" என்றேன்.

பெரியவர் நான் சொன்னபடியே கொடுத்தார். மெட்டு முதல் பாதியின் முடிவில் இருந்தது. மாஸ்டர் சீட்டைப் படித்தார், தலையாட்டினார், வில்லை எடுத்து வைத்து அந்தப் பாட்டைத் தொடங்கினார். கூட்டம் கை தட்டியது. நானும் உற்சாகமாகத்தான் அடித்தேன்.

அதன்பின் அவர் அந்த மெட்டை எடுக்கவே இல்லை. எத்தனையோ கல்யாணங்கள், எத்தனையோ படங்கள் வந்து போயின. நான் வாயைத் திறக்கவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்றே காலத்தை ஓட்டிவிட்டேன்.

சனிக்கிழமை அடக்கத்துக்கு முன், அவர் மனைவி செசிலி அம்மாள் என்னிடம், "அண்ணே, அந்த வலைப் பாட்டு முழுசா உங்களுக்குத் தெரியுமா? அவர் எழுதி வைக்கலியே" என்று கேட்டார். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. சீட்டைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அதற்கு அவர், "அன்னிக்கு வீட்டுக்கு வந்து சொன்னாருண்ணே, 'நல்லவேள, சீட்டு வந்துடுச்சு செசிலி. எனக்குக் கை நடுங்கிப்போச்சு'ன்னு" என்றார்.

என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாரா, தெரியவில்லை. உண்மையென்றால் எனக்கு இன்னும் அதிகமாகத்தான் வலிக்கிறது. கை நடுங்கியபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். "வாசிங்க மாஸ்டர், நான் இருக்கேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் மண் போட்டுவிட்டு நகர்ந்தபின், குழியோரம் உட்கார்ந்து அந்த ஏழு எண்ணிக்கையைத் தொடையில் தட்டினேன். ராமையா வாய்க்குள் மெட்டை முனகினார். முதல் பாதி முடிந்ததும் அவர் நிறுத்திக்கொண்டார். பிற்பாதிக்கும் தாளம் அதுதானே என்று நான் மட்டும் தட்டிக்கொண்டே இருந்தேன். போய் வாருங்கள், மாஸ்டர்.