பிக்கப் சாரின் ஆள்காட்டி விரல்

பிக்கப் சாருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது கரண்ட் பில்லில் மட்டும் வரும். மற்றபடி, டயர் கடைக்கு மேல்மாடியில் நடக்கும் அந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் சேர்ந்தவர்கள், சேர்ந்து பாதியில் ஓடியவர்கள், கீழே டயருக்குக் காற்றடிப்பவர் உட்பட எல்லோருக்கும் அவர் பிக்கப் சார்தான்.

இங்கிலீஷில் ‘பிக் அப்’ என்று இரண்டு துண்டுச் சொற்கள் இருக்கின்றன அல்லவா, அதை வைத்துக்கொண்டு மனிதர் ஒரு வாரம் முழுக்க வகுப்பு எடுப்பார். கீழே விழுந்த பேனாவை எடுத்தால் பிக் அப். ஸ்கூல் வாசலில் நிற்கும் பிள்ளையைப் போய் அழைத்து வந்தால் அதுவும் பிக் அப். அடிக்கிற போனை எடுத்தாலும், படுத்துக் கிடந்த வியாபாரம் எழுந்து உட்கார்ந்தாலும், வண்டி வேகம் பிடித்தாலும், வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு சோப்பு வாங்கிக்கொண்டாலும், பஸ்ஸில் பக்கத்து சீட்காரரின் சளி நம்மைத் தொற்றிக்கொண்டாலும் பிக் அப்தான். ஒவ்வொருவரும் அவரவர் தொழிலிலிருந்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். வெறுமனே சொன்னால் போதாது, எழுந்து நின்று நடித்தும் காட்ட வேண்டும்.

“ஏன் சார், இவங்களுக்கு வேற வார்த்தையே கிடைக்கலையா?” என்று பியூட்டி பார்லர் நடத்தும் அக்கா ஒருமுறை கேட்டாள். “ஒரே செருப்பைப் போட்டுக்கிட்டு கல்யாணத்துக்கும் போயி பாத்ரூமுக்கும் போற மாதிரி இருக்கே!”

வகுப்பே சிரித்தது. சாரும் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் அவருடைய ஆள்காட்டி விரல் மேஜையில் ‘டொக்’ என்று ஒரு தட்டு தட்டியது. பின்பெஞ்சில் யாரோ இங்கிலீஷில் ஒரு வார்த்தையைத் தப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

அந்த டொக்தான் அவருடைய பாடமுறை. யாராவது தப்பாகப் பேசினால் திட்ட மாட்டார், முறைக்க மாட்டார். டொக். சொன்னவர் அங்கேயே நிற்க வேண்டும், வகுப்பு முழுவதும் சேர்ந்து சரியானதைச் சொல்ல வேண்டும், அப்புறம்தான் மேலே போகலாம். உட்கார்ந்து பாடம் நடத்துவது அவருக்கு ஆகாது. காலில் சக்கரம் கட்டிவிட்ட ஆள் மாதிரி பெஞ்சுகளுக்கு நடுவே சுற்றிக்கொண்டே இருப்பார். எந்த மூலையில் தப்பு விழுந்தாலும் பக்கத்தில் தட்டுவதற்கு ஒரு மரப்பலகை இருந்தால் சரி.

பிக் அப்பில் ஓர் அர்த்தத்தை மட்டும் அவர் கடைசி நாள் மணி அடிக்கும் நேரத்துக்கு ஒதுக்கி வைத்திருந்தார். யாரும் சொல்லித் தராமல், காதில் விழுவதை வைத்தே ஒரு பாஷையைக் கற்றுக்கொள்வது. “இப்படியும் ஒண்ணு உண்டு. ஆனா எல்லாருக்கும் நடக்காது” என்று இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே போர்டை அழித்துவிடுவார். பின்னே? நடக்கும் என்று ஒப்புக்கொண்டால் அப்புறம் டயர் கடை மாடிக்கு எவன் மூச்சிரைக்க ஏறி வருவான்!

வகுப்பில் மட்டும் தட்டினால் தொலையட்டும் என்று விட்டுவிடலாம். வீட்டிலும் தட்டுவார். மகள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஸ்கூலில் நடந்ததைச் சொல்லுவாள், டொக். தோழியோடு சண்டை என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு சொல்லுவாள், டொக். “அப்பாகிட்ட இங்கிலீஷ், அம்மாகிட்ட தமிழ்” என்பது அந்த வீட்டுச் சட்டம். அதனால் அவள் சிரித்ததும் அழுததும் எல்லாம் அம்மாவிடம் தமிழில் போய்ச் சேர்ந்தன. அப்பாவிடம் மார்க்கையும் மழையையும் பற்றி மட்டும் பேசினாள். மகள் நன்றாகப் பேசுகிறாள், தப்பே இல்லை என்று அவர் பெருமைப்பட்டுக்கொண்டார். தப்பு வராதபடி வார்த்தைகளைக் குறைத்துக்கொண்டாள் என்பது அந்த மண்டையில் ஏறவில்லை.

அவள் இப்போது ஊரின் அந்தக் கோடியில் குடியிருக்கிறாள். ஸ்கேன் சென்டரில் வேலை. கணவர் கட்டட வேலைக்காக மாதக்கணக்கில் வெளியூரில் தங்குபவர். மூன்றரை வயதில் ஒரு மகன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பாவுக்கு போன் செய்தாள். பையனை ஓர் இடத்துக்குக் கூட்டிப்போனதாக இங்கிலீஷில் ஆரம்பித்தாள். குரல் ஒரு மாதிரியாக இருந்தது. சார் நகத்தால் போன் மேல் டொக் என்றார். அவள் நிறுத்தி, திருத்திச் சொன்னாள். இரண்டு வாக்கியம் போனதும் இன்னொரு டொக். அவள் ஒரு பெருமூச்சு விட்டு மறுபடி ஆரம்பித்தாள். மூன்றாவது டொக்குக்கு லைன் கட்டாகிவிட்டது. சிக்னல் பிரச்சினை என்று அவர் நினைத்தார். திரும்ப அடித்தார். எடுக்கவில்லை. திங்களும் எடுக்கவில்லை, செவ்வாயும் எடுக்கவில்லை.

“அவ என்னதான் சொல்ல வந்தா?” என்று மனைவியைக் கேட்டார்.

அந்த அம்மாள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். “எனக்குத் தெரியும்.”

“அப்ப சொல்லு.”

“அவ உங்ககிட்ட சொல்ல வந்தா. நீங்க கேக்கல. நடுவுல நின்னு எடுத்துச் சொல்ல நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் மொழிபெயர்ப்பாளரா?”

“பையனுக்கு ஏதாவது உடம்பு கிடம்பு...”

“போயி அவளையே கேளுங்க.” தலையணை உறையை உதறி மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். கல்லில் நார் உரிப்பதும் ஒன்றுதான், அவளிடம் ஒரு விஷயத்தைக் கறப்பதும் ஒன்றுதான்.

அன்றிலிருந்து சாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழ வேண்டும் போலிருந்தது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. டீயை ஆற்றி வைத்துவிட்டுக் குடிக்க மறந்தார். போனைச் சட்டைப் பையில் போடுவார், மறு நிமிஷம் எடுத்துப் பார்ப்பார். அதிர்ந்த மாதிரி இருக்கும், அதிர்ந்திருக்காது.

புதன்கிழமை மாலை வகுப்பில் போனை மேஜை மேல் வைத்துவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தார். பார்லர் அக்கா எழுந்து தலைமுடியைத் துடைப்பத்தால் கூட்டி அள்ளுவதாக நடித்து ஒரு வாக்கியம் சொன்னாள். நாலு தப்பு. சார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். டொக் வரவில்லை. வகுப்பில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“சார், உடம்பு சரியில்லையா?” என்றாள் அவள்.

“போன் எடுக்க மாட்டேங்கறா” என்றார் சார். தமிழில் சொன்னார். வகுப்பில் அவர் தமிழில் வாய் திறந்ததும் எல்லோருக்கும் தூக்கிவாரிப் போட்டது.

ஸ்கூல் வேன் டிரைவர் முன்பெஞ்சில் இருந்தார். “யாரு சார்?”

“என் பொண்ணு.”

“இதுக்கா இவ்ளோ யோசனை? வேற நம்பர்லேருந்து அடிங்க. புள்ளைய ஏத்திக்க வந்து வாசல்ல நின்னா, எடுக்காதவங்களுக்கு நாங்க அப்படித்தான் அடிப்போம்.” தன் போனை நீட்டினார்.

சார் நம்பரைப் போட்டார். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். “ஹலோ, யாருங்க?” பின்னால் பையன் வீறிட்டு அழும் சத்தம் கேட்டது.

“நான்தாம்மா.”

 “அப்புறம் பேசறேன்பா” என்று வைத்துவிட்டாள்.

 சார் சாக்பீஸை வைத்துவிட்டு, வகுப்பிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் படியிறங்கினார். இத்தனை வருஷத்தில் மணி அடிக்கும் முன்னால் அவர் அந்தப் படியில் இறங்கியதில்லை. வேன் டிரைவர் பின்னாலேயே ஓடி வந்தார். “வாங்க சார், நான் கொண்டுபோய் விடறேன். ஏத்தறதும் இறக்கறதும்தானே நம்ம பொழப்பு.” குழந்தைகள் உட்காரும் குட்டி சீட்டில் முழங்காலை மடக்கிக்கொண்டு, சார் ஊரின் அந்தக் கோடி வரைக்கும் போனார்.

மகள் கதவைத் திறந்தாள். வேலைக்குப் போட்ட உடையை இன்னும் மாற்றவில்லை. கூடம் பூராவும் பொம்மைக் கார்கள் இறைந்து கிடந்தன. பையன் அழுது ஓய்ந்து, சோபாவுக்கு அடியில் தலையை விட்டு எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

“என்ன ஆச்சும்மா? சொல்லு. தமிழ்லயே சொல்லு.”

அவள் அவரை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாள். “இவன் பேச மாட்டேங்கறான்பா.”

“போன லீவுல நல்லா பேசிட்டுதானே இருந்தான்?”

“ஆமா. லீவுக்கு உங்க வீட்டுக்கு வர்றப்ப பேசிட்டுதான் வந்தான். தண்ணிக்கு ஒரு பேரு, வண்டிக்கு ஒரு பேரு, எல்லாத்தையும் தப்பும் தவறுமா வாய் ஓயாம சொல்லிட்டு இருந்தான். ஒரு மாசம் இருந்தோம். திரும்பி வந்தப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்திட்டான். இப்ப எது வேணும்னாலும் கையைக் காட்டறான், புரியலைன்னா அழறான்.”

சார் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“பேச்சுப் பயிற்சி தர்ற டாக்டரம்மா, காரணம் இதுதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதுங்கறாங்க. ஆயிரம் காரணம் இருக்கலாமாம். ஆனா வீட்டுல யாரும் திருத்தவே கூடாதாம். அவன் என்ன சொன்னாலும் நாம காது கொடுத்துக் கேட்டா போதுமாம், மீதியை அவனே பிடிச்சுப்பானாம். காரணத்தை அவங்க சொல்லலப்பா. நான்தான் நினைச்சுக்கறேன். சாப்பாட்டு மேஜையில உங்க விரலையே பாத்துட்டு இருப்பான்.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

“அந்தப் பயிற்சி சென்டர் உங்க தெருவுலதான் இருக்கு. பகல்ல அம்மாகிட்ட விட்டாத்தான் நான் வேலைக்குப் போக முடியும். அதைக் கேக்கத்தான் அன்னிக்கு போன் பண்ணேன்.”

“இதுக்கு என்னம்மா கேள்வி? நாளைக்கே கூட்டிட்டு வா. இனிமே நான் தட்ட மாட்டேன். சத்தியமா தட்ட மாட்டேன்.”

“உங்களால முடியாதுப்பா.” கோபமே இல்லாமல் சொன்னாள்.

அப்போதுதான் பையன் சோபாவுக்கு அடியிலிருந்து ஒரு வேனை இழுத்துக்கொண்டு வெளியே வந்தான். சக்கரம் ஒன்று கழன்றிருந்தது. அம்மாவிடம் தூக்கிக் காட்டி, வாயைக் கோணிக்கொண்டு, மெல்ல, “ச... சக்கம்” என்றான்.

நாற்காலி முதுகில் சாரின் ஆள்காட்டி விரல் எழும்பியது. தட்டவில்லை. எழும்பி, அந்தரத்தில் நின்றது. மகள் அதைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். தன் கையிலேயே இருக்கிற விரல் தன் சொல் கேட்கவில்லை என்பதை அவர் அன்றைக்குத்தான் கண்ணால் கண்டார். அவமானமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு சொன்னார்: “சரி. அவனைக் கூட்டிட்டு வா. காலையில நீ அவனை விட வர்றதுக்கு முன்னாடி நான் வெளிய கிளம்பிடறேன். சாயங்காலம் நீ கூட்டிட்டுப் போனப்புறம் வீட்டுக்கு வர்றேன்.”

“நாள் பூரா எங்கப்பா சுத்துவீங்க?”

“சுத்தறது எனக்குப் புதுசா?”

அப்படியே நடந்தது. பிக்கப் சார் காலையில் குடையும் தண்ணீர் பாட்டிலுமாகக் கிளம்பினார். காலை வகுப்பு ஒன்று புதிதாக ஆரம்பித்தார், நாலு பேர் வந்தார்கள். அது முடிந்தால் லைப்ரரியில் பேப்பர் படித்தார். அங்கேயும் உட்கார முடியாமல் பூங்காவுக்குப் போனார், பூங்காவில் நிலைகொள்ளாமல் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். வேலை வெட்டி இல்லாத ஆள் என்று பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்காரர் முடிவே கட்டிவிட்டார். சொந்த வீட்டுத் தெரு முனை வரைக்கும் வந்து, பயிற்சி சென்டரின் கேட்டைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பிய நாட்களும் உண்டு. ராத்திரி வீட்டுக்குப் போனால், கட்டிலுக்கு அடியில் ஒரு குட்டி செருப்போ கடித்துப் போட்ட பென்சிலோ கிடக்கும். அதை எடுத்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருப்பார்.

மொழிபெயர்ப்பாளர் இல்லை என்று முறுக்கிக்கொண்ட மனைவியே இப்போது விழுந்து விழுந்து தகவல் சொன்னாள். “இன்னிக்குப் பூனைன்னான்.” “இன்னிக்கு எனக்கு வேணாம்னான், முழுசா.” பூனையை எப்படிச் சொன்னான் என்று கேட்க அவருக்கு நாக்கு துடிக்கும். கேட்க மாட்டார்.

மழைக்காலம் முடியும் சமயத்தில் ஒரு மாலை, வகுப்பின் நடுவில் போன் அடித்தது. மகள். சார் படிக்கட்டுக்கு வந்து எடுத்தார். கீழே டயர் கடையில் காற்று இறங்கும் சத்தம்.

“அப்பா, இன்னிக்கு என்ன நடந்தது தெரியுமா? வழியெல்லாம் பேசிக்கிட்டே வந்தான். பஸ் டிரைவர் மாமாவுக்கு மீசை இல்லையாம், பாட்டி தண்ணியைக் கொட்டிட்டாங்களாம், நாய் அவனைப் பாத்துச் சிரிச்சுதாம்...” மூச்சு விடாமல் சொன்னாள். பாதி தமிழ், பாதி இங்கிலீஷ், இலக்கணம் எல்லாம் காற்றில் பறந்தது. அவர் நடுவில் ஒரு சத்தமும் செய்யாமல் கேட்டுக்கொண்டு நின்றார். அவள் தன் வேலையைப் பற்றிச் சொன்னாள், மேனேஜரோடு போட்ட சண்டையைச் சொன்னாள், தனியாக இருக்க ராத்திரியில் பயமாக இருக்கிறது என்று சொன்னாள். மகளுக்கு பயம் என்று ஒன்று உண்டென்று அவருக்கு இத்தனை நாள் தெரியாது.

கடைசியில் சொன்னாள்: “உங்களைக் கேக்கறான்பா. தாத்தா எங்க, தாத்தா எங்கன்னு. நாளைக்கு நீங்க வீட்டுலயே இருங்களேன்.”

 சார் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார். “வேணாம்மா. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்.”

“இவ்ளோ நேரம் பேசினேன், நீங்க ஒரு வார்த்தை திருத்தல. நீங்க மாறிட்டீங்கப்பா.”

அவர் தன் வலது கையைப் பார்த்தார். அவள் பேசிய நேரம் முழுவதும் இடது கை போனைப் பிடித்திருக்க, வலது கையைத் தொடைக்கும் சுவருக்கும் நடுவில் வைத்து நெரித்துக்கொண்டிருந்தார். விரல் கன்றிப் போயிருந்தது.

“இல்லம்மா, மாறல. அதனாலதான் வேணாங்கறேன்” என்றார்.