ஒரே கதவு எண்

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டைப் பற்றிக் கேட்க யாராவது என்னைத் தேடி வந்தால், அவர்கள் வாயில் அந்த வாக்கியம் தயாராக இருக்கும். "அந்தக் காலத்துல எல்லாரும் ஒரே குடும்பமா இருந்தீங்களாமே?" ஆமாம், இருந்தோம். அதுதான் என் புகாரே.

தேக்கா சந்தைக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தோம். கீழே மளிகைக் கடை. மேலே பலகைத் தடுப்பு வைத்துப் பிரித்த ஒன்பது அறைகள், ஒன்பது குடும்பங்கள், ஒரே குழாய், ஒரே கக்கூஸ். தடுப்பு கூரை வரைக்கும் போகாது. பக்கத்து அறையில் ஒருவர் இருமினால் நாங்கள் கஷாயம் வைப்போம். பின்புறம் பால்காரர் நாலு மாடு கட்டியிருந்தார். மழை பெய்தால் அந்த வாடை சோற்றுத் தட்டு வரை வந்துவிடும். மல்லிகை மணந்தது, சாம்பிராணி கமழ்ந்தது என்று இன்றைக்கு உருகி உருகி எழுதுகிறவர்கள் அந்தக் கக்கூஸ் வாளியைப் பற்றியும் ஒரு வரி எழுதட்டும், பார்க்கலாம்.

ஒன்பது குடும்பத்துக்கும் ஒரே கதவு எண். தபால்காரர் மாடி ஏற மாட்டார். எல்லாக் கடிதங்களையும் மளிகைக் கடையில் கொடுத்துவிட்டுப் போவார். கடை முதலாளி அவற்றை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பார். இங்கிலீஷில் வந்தால் அவரே பிரிப்பார், படித்துச் சொல்ல அந்த வீட்டில் வேறு ஆள் கிடையாது என்று. சொல்வதும் மெதுவாகச் சொல்ல மாட்டார். யாருக்கு வேலை போயிற்று, யாருக்கு நெஞ்சில் கோளாறு என்பதெல்லாம் பருப்பு வாங்க வந்தவர்களுக்கும் தெரிந்துவிடும். கடிதத்துக்குச் சொந்தக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு நன்றி வேறு சொல்லிவிட்டுப் போவார்.

நான் இங்கிலீஷ் பள்ளியில் படித்தவள். எனக்குப் படித்துச் சொல்ல யாரும் தேவையில்லை. ஆனால் டின் அவரிடம் இருந்தது.

பள்ளி முடித்த வருஷம், ஐம்பதுகளின் கடைசி, ஆஸ்பத்திரியில் தாதிப் பயிற்சிக்கு, அதாவது நர்ஸ் வேலைக்கு, மனு போட்டேன். அப்பா இல்லை. அம்மா சாப்பாட்டுக் கடைக்கு மாவாட்டிக் கொடுத்து என்னைப் படிக்க வைத்தாள். ஆட்டி ஆட்டி அவள் தோள்பட்டை ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. அந்த ஆட்டுக்கல்லிலிருந்து நாங்கள் இருவரும் எழுந்து வெளியே போக எனக்குத் தெரிந்த ஒரே வழி அந்தப் பயிற்சிதான். தினமும் கடைக்குப் போய்க் கேட்பேன். "ஒண்ணும் வரலம்மா" என்பார் முதலாளி.

ஒரு மாதம் கழித்துப் புளி வாங்கப் போனபோது அவர் உள்ளே மூட்டை எடுக்கப் போயிருந்தார். டின் திறந்திருந்தது. மேலாக என் பெயர். உறை கிழிக்கப்பட்டிருந்தது. நேர்காணலுக்கு வரச் சொல்லியிருந்த நாள் போய் எட்டு நாள் ஆகிவிட்டது.

"உன் நல்லதுக்குத்தாம்மா எடுத்து வச்சேன்" என்றார், கொஞ்சம்கூடக் கூசாமல். "கண்ட ஆம்பளையையும் தொட்டுத் துடைக்கிற வேலை. நாளைக்கு யாரு வந்து உன்னைக் கட்டிக்குவாங்க? நாமெல்லாம் ஒரே குடும்பம் இல்லையா?"

கடையில் நின்றவர்கள் தலையாட்டினார்கள். கடை வாசலையொட்டிய அஞ்சடிப் பாதையில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். மேலேயிருந்து பெண்கள் இறங்கி வந்தார்கள், என் பக்கம் பேச அல்ல. "பெரியவர்கிட்ட இப்படியா பேசுறது?" என்றார்கள். அம்மா வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அடுத்த வருஷம் மனு போடச் சொன்னார்கள்.

அந்த ஒரு வருஷமும் அம்மாவோடு உட்கார்ந்து மாவாட்டினேன். முதலாளியின் கடைப் படியை நான் மிதிக்கவில்லை. உப்பு வேண்டுமென்றாலும் சந்தை வரை நடந்தேன். அம்மா மட்டும் அவரிடமே வாங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு அது எரிச்சலாக இருந்தது. அவளுடைய பயந்த சுபாவம் என்று விட்டுவிட்டேன்.

மறு வருஷம் மனுவில் எங்கள் கதவு எண்ணைப் போடவில்லை. தெருமுனையில் சைக்கிள் ரிப்பேர் செய்த சீனரிடம் போய், எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டு, அவர் கடை எண்ணைப் போட்டேன். அவருக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. அந்தத் தெருவில் நான் நம்பிய ஒரே மனுஷர் அவர்தான். ஒருநாள் என்னைப் பார்த்ததும் "சூராட், சூராட்", கடிதம் கடிதம் என்று மலாயில் கூப்பிட்டு, கையிலிருந்த கிரீஸ் படாமலிருக்கப் பழைய பேப்பரில் பிடித்து அந்தக் கடிதத்தை நீட்டினார். உறை ஒட்டியபடியே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

தாதியானேன். அறுபதுகள் முடிவதற்குள் தோ பாயோவில் அடுக்குமாடி வீடு கிடைத்து, நானும் அம்மாவும் அங்கே போனோம். கீழ்த்தளத்தில் வீட்டுக்கொரு தபால் பெட்டி. பூட்டு உண்டு, இரண்டு சாவி உண்டு. ஒன்றை அம்மாவுக்கென்று கதவுப் பக்கம் ஆணியில் மாட்டினேன். என் சாவியைக் கையில் ஆட்டிக்கொண்டே, அந்த மளிகைக்கடைக்காரரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். எத்தனையோ தடவை ஏசியதுதான்.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "அவர ஏசாதடி" என்றாள். "லெட்டர் வந்த அன்னைக்கே அவரு என்கிட்டதான் குடுத்தாரு. நான்தான் உங்ககிட்டயே இருக்கட்டும்னு திருப்பிக் குடுத்தேன். பயிற்சின்னா அங்கயே தங்கணும்னாங்க. நீ போயிட்டா நான் அந்த ரூம்ல தனியா என்ன பண்ணுவேன்?"

"இது யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் தெரியும்."

ஒருவருடைய இருமல்கூட ஒளிந்துகொள்ள முடியாத வீட்டில், ஒன்பது அறையும் சேர்ந்து இத்தனை வருஷம் என்னிடம் மட்டும் வாயைத் திறக்கவில்லை. முதலாளியும் நான் கொடுத்த வசவையெல்லாம் வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார். குடும்பம்தான், சந்தேகமே இல்லை.

ஆணியிலிருந்த சாவியைக் கழற்றி என் பைக்குள் போட்டுக்கொண்டேன். அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சாகும்வரை அவள் அதைக் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.