கிட்டாருக்குள் புகுந்த வீட்டுச் சத்தங்கள்

வீட்டுக் கம்ப்யூட்டரில் கிட்டார் பதிவு செய்ய உட்காருகிறவர்கள், வாசித்ததைக் கேட்பதற்கு முன்னால் தங்கள் வீட்டைத்தான் கேட்கிறார்கள்.

அந்த வீட்டுச் சத்தத்தைத் தேடிப் பிடித்து நிறுத்துவது என் வேலை. முன்பு திருவண்ணாமலையில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் இருந்தேன். எனக்குக் கிட்டாரும் கொஞ்சம் வரும் என்பது வெளியே தெரிந்ததும், "மேடம், ரெக்கார்டு பண்ணா என்னமோ சத்தம் வருது" என்று ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். இப்போது ஸ்கூட்டியில் ஹெட்போனையும் டெஸ்டரையும் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போவதே முழுநேர வேலையாகிவிட்டது. பத்து தடவை சொதப்பி, பதினோராவது தடவை ஒழுங்காக வாசித்து முடிக்கும் நேரத்தில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலடித்து நொந்துபோன ஆளா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே கட்சி. மேலே படியுங்கள்.

ஙொய்ங்

வேங்கிக்காலில் இரண்டு வருடம் முன்பு புது வீடு கட்டிக் குடிவந்தவர் செல்வகுமார். அரசு அலுவலகத்தில் வேலை, ஞாயிற்றுக்கிழமையில் கிட்டார். வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் பதிவில் 'ஙொய்ங்' என்று ஒரு இரைச்சல். கிட்டாரில்தான் கோளாறு என்று நினைத்து ஆறு கம்பியையும் மாற்றியிருந்தார். ஒயரையும் இரண்டு தடவை மாற்றியிருந்தார். நான் போனபோது அடுத்து கிட்டாரையே மாற்றும் யோசனையில் இருந்தார்.

லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினேன். இரைச்சல் நின்றது. திரும்பச் செருகினேன், வந்தது. சுவரில் இருந்த பிளக்கைச் சோதித்துப் பார்த்ததில் எர்த் வேலை செய்யவில்லை. எலக்ட்ரீஷியனை வரவழைத்து போர்டைக் கழற்றச் சொன்னோம். எர்த்துக்கான பச்சை ஒயர் எதிலும் சேராமல் உள்ளே அழகாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. வீடு முழுக்க அதே கதை. அதைச் சரிசெய்ய ஒரு நாள் ஆயிற்று. மறுநாள் செல்வகுமார் வாசித்தார், பதிவு கண்ணாடி மாதிரி வந்தது. அவர் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கும்போது அவர் மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"ரெண்டு வருஷமா வாஷிங் மெஷினத் தொட்டா சுருக்குனு இருக்குதுனு சொன்னேன். எல்லாம் உன் நெனப்புதான்னீங்க. இப்ப கிட்டாரு சொன்னா மட்டும் ஒத்துக்குறீங்களா?"

டொக்

செங்கம் ரோட்டில் மாடி அறையில் வாடகைக்கு இருப்பவர் மார்த்தா. ஸ்பெயின்காரர். ஐந்து வருடமாக இங்கேயே இருக்கிறார். வீட்டுக்கார அம்மாவிடம் பேசிப் பேசித் தமிழ் நன்றாகவே வந்துவிட்டது. மெதுவான மெட்டுகளாக வாசிப்பார். அதில் அங்கங்கே 'டொக்' என்று ஒரு தட்டல். கிட்டாருக்குள் ஏதோ கட்டை கழன்றுவிட்டது என்று சென்னைக்கு இரண்டு முறை அனுப்பினார். ஒன்றும் இல்லை என்று இரண்டு முறையும் திரும்பி வந்தது.

நானும் ஃபேனை நிறுத்தினேன், ஃபிரிட்ஜை நிறுத்தினேன், ஜன்னலைச் சாத்தினேன். இரண்டு பேருக்கும் வேர்த்துக் கொட்டியதுதான் மிச்சம். கடைசியில் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு அவர் வாசிப்பதைப் பார்த்தேன். உருக்கமான இடம் வந்தால் கண்ணை மூடி முன்னால் சாய்வார். சாயும்போது கழுத்தில் இருந்த ருத்ராட்சம் கிட்டாரின் பலகையில் போய்த் தட்டியது. சொன்னதும் முகம் வாடிவிட்டது. அதைக் கழற்றுவதில்லை என்று வேண்டுதலாம். ருத்ராட்சத்தைக் கையில் பிடித்தபடி கேட்டார்.

"முதுகுப் பக்கம் திருப்பிப் போட்டுக்கலாமா? சாமி கோச்சுக்க மாட்டாரு இல்ல?"

டடட் டடட்

இது என் மானம் போன கதை. ஆறுமுகம் ஆட்டோ ஓட்டுகிறவர். மத்தியானம் சவாரி கம்மியாக இருக்கும் நேரத்தில் வீட்டுக்கு வந்து சொந்தமாக மெட்டுப் போடுவார். சாதாரணமாக ஏதோ லேசான உஸ்ஸென்ற சத்தம் என்றுதான் கூப்பிட்டார். நான் போய் உட்கார்ந்த பிறகு அதோடு 'டடட் டடட்' என்று புதிதாக ஒன்று சேர்ந்துகொண்டது. ஒயர்களைப் பிரித்தேன், சேர்த்தேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். நின்ற மாதிரி இருக்கும், திரும்ப வரும். ஒரு மணி நேரம் போனது. ஆறுமுகத்தின் மனைவி இரண்டாவது டீ கொண்டுவந்து வைத்தார்.

ஆறுமுகம் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், மேஜை மேல் கம்ப்யூட்டரை ஒட்டி இருந்த என் கைப்பையைக் காட்டினார். வாடிக்கையாளர்கள் கூப்பிடுவதற்கென்று நான் வைத்திருக்கும் பழைய பட்டன் போன் அதற்குள் சைலண்ட்டில் கிடந்தது. எடுத்துப் பார்த்தால் விளக்கு எரிகிறது, யாரோ கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு அழைப்புக்கும் முன்னால் அந்தப் போனின் சிக்னல்தான் பதிவுக்குள் டடட் போட்டிருக்கிறது. ஆறுமுகம் சிரிக்கவே இல்லை. ரொம்ப மரியாதையாகச் சொன்னார்.

"எடுத்துப் பேசுங்க மேடம். அவங்க வீட்லயும் இதே சத்தம்தானான்னு கேளுங்க."

ஒரு பெருமூச்சு

காதர் பாஷாவுக்குக் கோயில் பக்கத்தில் ஜவுளிக் கடை. கீழே கடை, மாடியில் வீடு. மகள் ரிஸ்வானா கிட்டார் வாசிப்பில் கெட்டிக்காரி. சென்னையில் ஒரு இசைப் பள்ளியில் சேர, வெட்டாமல் ஒட்டாமல் ஒரே வாசிப்பாகப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். "இந்த ஒரு தடவதான். கெடைக்கலன்னா பி.காம்.ல சேந்துடணும்" என்று அவள் அத்தா காதர் பாஷா கண்டிஷனாகச் சொல்லியிருந்தார். கடைசி நாள் சாயங்காலம் ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும். அந்த நாள் பௌர்ணமியாக அமைந்தது. கிரிவலக் கூட்டம் காலையிலேயே வந்துவிட்டது. ரிஸ்வானா எப்போது வாசித்தாலும் நடுவில், காணாமல் போன யாரோ ஒரு பெரியவரை மைக்கில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். மதியம் மூன்று மணிக்கு அந்தப் பெண் எனக்குப் போன் செய்து அழுதாள்.

கூட்டத்துக்குள் ஸ்கூட்டி போகாது. ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து போனேன். மாடியில் எந்த அறையும் உதவாது. கடைக்குப் பின்னால் குடோன் இருக்கிறதா என்று கேட்டேன். கதவைத் திறந்தார் காதர் பாஷா. கூரை வரைக்கும் போர்வைக் கட்டும் புடவைக் கட்டும். உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் ஊரே அணைந்துபோன மாதிரி இருந்தது. அவ்வளவு துணியும் சத்தத்தைக் குடித்துவிட்டது. லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டினேன். முதல் தடவை துணித் தூசியில் ரிஸ்வானா தும்மினாள். இரண்டாம் தடவை நான் தும்மினேன். மூன்றாம் தடவை அந்தப் பெண் வாசித்ததைக் கேட்டு நான் ஒலியளவு மீட்டரைப் பார்க்கவே மறந்துவிட்டேன். கடைசி நாதம் மெல்ல அடங்கிக்கொண்டிருந்தபோது, கதவோரம் ஒரு கட்டின் மேல் உட்கார்ந்திருந்த காதர் பாஷா நீளமாக ஒரு மூச்சு விட்டார். அதுவும் பதிவில் விழுந்தது.

மணி நாலரை. இன்னொரு தடவை வாசிக்கலாமா என்று கேட்டேன். ரிஸ்வானா கேட்டுப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும்க்கா, இதையே அனுப்பிடலாம்" என்றாள். அனுப்பினோம். சில வாரம் கழித்து நேரில் வரச் சொன்னார்கள், இடமும் கிடைத்தது. அங்கே ஒரு வாத்தியார், "கடைசில யாரும்மா அழுதது?" என்று கேட்டாராம். அது யார் என்று தெரிந்துகொள்ள காதர் பாஷா இனிப்புப் பெட்டியோடு என் வீட்டுக்கே வந்துவிட்டார். ஹெட்போனை மாட்டிக் கேட்க வைத்தேன். இரண்டு தடவை கேட்டார்.

"நான் வாயே தொறக்கலம்மா. மூச்சுதான் வுட்டேன். அதுகூடவா வுழுந்துடுச்சி?"

*

இத்தனை வருடத்தில் கிட்டாரில் கோளாறு என்று என்னைக் கூப்பிட்ட வீடுகளில் ஒரே ஒரு வீட்டில்தான் நிஜமாகவே கிட்டாரில் கோளாறு இருந்தது, அதுவும் நான் கீழே போட்ட பிறகு.