சொட்டும் குழாயும் தொடாத ரொட்டியும்

எங்கள் முதியோர் இல்லத்தில் நோயாளிகளைக் கவனித்துக்கொண்ட ஒருத்தியை எல்லோரும் பட்டதாரி என்று கூப்பிட்டோம். பட்டம் இன்னும் வாங்கவில்லை, அதனால்தான். அஞ்சல் வழியில் இலக்கியம் படித்தாள். குறியீட்டுக் கவிதையும் சினிமாவும் உள்ள தாள் மட்டும் இரண்டு முறை காலை வாரிவிட்டது. மூன்றாவது முறையும் போனால் பட்டம் கிடையாது.

நோயாளியின் அட்டையில் பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே என்று அவளைப் பழக்கியவள் நான். இரண்டாம் முறை தேர்விலும் அப்படியே எழுதியிருக்கிறாள். படத்தில் ஒரு கிழவர் சொட்டும் குழாயையே பார்க்கிறார், விளக்குக என்பது கேள்வி. "குழாய் சொட்டுகிறது. கிழவர் எழுந்திருக்கவில்லை" என்பது பதில். மதிப்பெண் சைபர்.

"வாஷர் போச்சுன்னு எழுதியிருக்கலாம்டி," என்றாள் சமையல்காரி.

"அதுக்கு முந்தின தடவை அதான்க்கா எழுதினேன்."

பிறகு சாப்பாட்டு வேளையில்கூடக் குறியீடு சொல்லிப் பழகினாள். வாளி என்றால் தனிமை, விளக்குமாறு என்றால் அதிகாரம். மூன்றாம் முறை தேறிவிட்டாள். இனிப் பட்டதாரி என்பதில் கிண்டல் இல்லையே என்று சமையல்காரி குறைபட்டுக்கொண்டாள்.

மறுநாள் நாலாம் அறைத் தாத்தாவின் அட்டையில், "தொடப்படாத ரொட்டி, வாழ்வின் மீதான அவரது மறுப்பு" என்று எழுதியிருந்தது. அவளைக் கூப்பிட்டேன்.

"சாப்பிட்டாரா, இல்லையா?"

"சாப்பிடலம்மா."

"ஏன்?"

கொஞ்சம் யோசித்தாள். "பல்செட்டைக் கழுவ எடுத்துட்டுப் போனேன். திருப்பிக் குடுக்கல."

போய்க் கொடுத்தாள். தாத்தா இரண்டு ரொட்டி சாப்பிட்டார். அதை எழுதச் சொன்னேன், எழுதினாள்.

அவளைக் கூப்பிடச் சமையல்காரிக்குப் புதுப் பெயர் கிடைத்துவிட்டது. பல்செட்.